ஓடை திரும்பிய பக்கம்

ஒக்ரோபர் 9, 2001

இந்த வீட்டுக்கு வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். உக்ரேனின் மேற்கு மூலையில் ஒரு கிராமம். பெயரைக் கேட்டால், தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்கிறான், எங்களைக் களவாகச் சுலோவாக்கியாவுக்குள் அனுப்பப்போகும் ஏஜென்ற். மாடியறை யன்னலைப் பழைய கம்பளி ஒன்றால் மூடி ஆணி அடித்திருக்கிறார்கள். அதன் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினால் கார்பாத்தியன் மலை தெரியும்.

கரவெட்டியில் இருபத்திரண்டு வருஷம் புவியியல் படிப்பித்தவன் நான். மலையும் இல்லாத, ஆறும் இல்லாத ஊரில் இரண்டையும் கரும்பலகையில் கீறிக் கீறியே காலத்தை ஓட்டினேன். கார்பாத்தியன்: மடிப்பு மலை, பிறை வடிவம், நீளம் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர், கீழ்ச்சரிவில் இலையுதிர் காடு, மேற்சரிவில் ஊசியிலைக் காடு. எத்தனை பிள்ளைகளுக்கு இதை எழுதிப் போட்டிருப்பேன். இப்போது அந்த மலை கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. அகதியாக வந்தவனுக்குச் சந்தோஷம் வரக்கூடாதுதான். ஆனால் வந்தது.

மூன்று பேர் இருக்கிறோம். றெஜினோல்ட் பேசாலைக்காரன், மீன்பிடித் தொழில், முப்பது வயது இருக்கும். அவனுக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. சோற்றில் உப்பு இருக்கிறது என்று சொன்னாலும் ஒருமுறை நக்கிப் பார்ப்பான். மற்றவள் நாகேஸ்வரி. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்தவள். கலியாணம் முடித்து ஆறு வருஷம், அதில் புருஷனோடு இருந்தது நாலு மாதம். புருஷன் ஞானசீலன் சுவிஸில். என்னிடம் படித்தவன்.

இன்று ஏஜென்றின் கைத்தொலைபேசிக்கு அவன் எடுத்தான்.

"சேர், ஞானசீலன் கதைக்கிறன். தொண்ணூறாம் ஆண்டு ஏ.எல். வகுப்பு, கடைசி வாங்கு."

"கடைசி வாங்கு எண்டால் ஞாபகம் இராமல் போகுமே," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "சேர், இந்தக் காட்டுப் பாதைக்கு நான் முதல் ஓம் எண்டு சொல்லேல்லை. ரெண்டு வருஷமாய் மறிச்சு வச்சனான். நீங்கள் வாறியள் எண்டு கேள்விப்பட்டுத்தான் ஓம் எண்டனான். ஏஜென்றை நம்பி இல்லை. அவளை உங்களிட்டை விட்டிருக்கிறன்."

"யோசியாதை. கொண்டுவந்து உன்ரை கையிலை தாறன்," என்றேன்.

சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் கொடுத்தபோது என் முதுகு தானாக நிமிர்ந்தது. கடைசியாக அப்படி நிமிர்ந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். மனைவி கண்ணை மூடிய பிறகு இல்லை.

ஒக்ரோபர் 11

வீட்டுக்காரி ஹன்னா ஒரு சாக்கு உருளைக்கிழங்கை முன்னால் கொட்டிவிட்டுப் போனாள். மூவருமாகத் தோல் சீவினோம். நாகேஸ்வரி ஊரிலிருந்து பால்மா ரின்னில் கொண்டுவந்த மிளகாய்த்தூளைப் போட்டுக் முட்டைக்கோவாவும் கிழங்கும் சமைத்தாள். ஹன்னா ஒரு வாய் தின்றுவிட்டு வெளியே ஓடிப் பச்சைத் தண்ணீர் குடித்தாள். நாகேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சும்மா இருக்காமல், சீவிய தோலைக் குவித்து மேசையில் கார்பாத்தியனைச் செய்து காட்டினேன். இந்த உச்சிக்கோடுதான் நீர்ப்பிரிமேடு. மழை பெய்தால் அந்தப் பக்கத் தண்ணீர் தினீஸ்தர் ஆற்றுக்கு, இந்தப் பக்கத் தண்ணீர் தன்யூப்புக்கு.

"தினீஸ்தர் எந்தக் கடலிலை விழுகுது?" என்று றெஜி கேட்டான்.

"கருங்கடல்."

"தன்யூப்?"

"அதுவும் கருங்கடல்தான்."

"ரெண்டும் ஒரு கடலுக்குத்தானே போகுது மாஸ்டர். பிறகேன் பிரிஞ்சு போச்செண்டு மினைக்கெடுறியள்."

நாகேஸ்வரி முந்திக்கொண்டாள். "தம்பி, சேர் சொல்லுறதைக் கேள். உனக்குக் கடலைத் தவிர வேறை என்ன தெரியும்."

நான் பாடத்தை முடித்தேன். நாட்டு எல்லையை மலையின் முதுகில்தான் வைப்பார்கள். முதுகைத் தாண்டினால் தண்ணீர் அடுத்த நாட்டுக்குள் ஓடும். வழி தவறினால் பயப்பட வேண்டாம், ஓடையைப் பிடியுங்கள், அதோடு இறங்குங்கள், கீழே சனம் இருக்கும். நாகேஸ்வரி அதைப் பாடமாக்குவதுபோல் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஒக்ரோபர் 14

மழை. கிழங்கு. விறகு பிளந்ததில் உள்ளங்கை பொங்கிவிட்டது.

ஒக்ரோபர் 17

நிலவறைப் படியில் நாகேஸ்வரி வழுக்கி விழுந்தாள். கையிலிருந்த ஊறுகாய்ப் போத்தல் உடையவில்லை, முழங்கால்தான் வீங்கிவிட்டது. ஹன்னா கோவா இலையை நசுக்கி வைத்துக் கட்டினாள்.

பின்னேரம் ஏஜென்ற் வந்தான். நடக்க முடியாதவர்களை இந்தத் தடவை அனுப்ப மாட்டான், பனிக்காலம் முடிந்து சித்திரையில் பார்க்கலாம் என்கிறான். நாகேஸ்வரி கட்டின் மேல் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவன் என்னிடம் கேட்டான், நடப்பாளா என்று. நடப்பாள் என்றேன்.

அவன் போனபின் அவள் சொன்னாள்: "ஆறு மாசம் இன்னும் இந்தக் கம்பளிக்குப் பின்னாலை இருக்கேலாது சேர். அவர் ஆறு வருஷமா வீட்டுக் கதவைத் திறந்து வச்சுக்கொண்டிருக்கிறார்."

வீக்கம் இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும். நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

ஒக்ரோபர் 21

காலையில் கம்பளியைத் தூக்கிப் பார்த்தால் மலையின் தலை வெள்ளையாகிவிட்டது. முதல் பனி. அழகாகத்தான் இருந்தது. நாளை மறுநாள் புறப்படுகிறோம். நாகேஸ்வரி ஹன்னாவின் ரப்பர் சப்பாத்துக்குள் மூன்று சோடி காலுறை போட்டு நடந்து பார்த்தாள். அறையில் பத்து அடி நடப்பதற்குள் இரண்டு மூன்று தரம் நொண்டினாள். பழகிவிடும்.

ஒக்ரோபர் 23

விழுந்து கிடக்கும் மரம் ஒன்றின் அடியில் இருந்து எழுதுகிறேன். கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு நெஞ்சோடு வைத்திருக்கிறேன், நனையவில்லை.

விடியத்தான் புறப்பட்டோம். இரவில் எல்லைக்காவலர் நாயோடு திரிவார்களாம். வழிகாட்டி வாசில் எங்களை லொறியில் கொண்டுவந்து, இரண்டு மணிநேரம் காட்டுக்குள் நடத்தி, ஒரு மேட்டில் நிறுத்தினான். கையால் காட்டினான்: நேரே, நேரே. வெள்ளைக் கல் வரும். கல்லுக்குப் பிறகும் நேரே. பிறகு கிராமம். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. திரும்பிப் பார்க்கும்போது வாசிலைக் காணவில்லை.

பீச் மரக்காடு. நான் படிப்பித்த இலையுதிர் காடு இதுதான். பாடப்புத்தகப் படத்தில் மரங்களுக்கு இடையில் வெளிச்சம் இருந்தது. இங்கே பத்து மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எல்லா மரமும் ஒரே சாம்பல் நிறம், ஒரே தடிப்பு. முழங்கால் ஆழத்துக்கு நனைந்த சருகு. சருகுக்குக் கீழே கல்லா, குழியா, வேரா என்று காலை வைத்த பிறகுதான் தெரியும். நாகேஸ்வரிக்குத்தான் கஷ்டம். ஒருபக்கம் தடி, மறுபக்கம் றெஜியின் தோள்.

மத்தியானம்போல் ஓர் ஓடையைக் கண்டோம். றெஜிக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். ஏதோ கல்லைக் கண்டதாகச் சொன்னான். எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை. அவளுடைய முழங்காலை யோசித்து, ஓடையோடு இறங்குவது என்று தீர்மானித்தோம். நாளைக்கு மத்தியானத்துக்குள் சுலோவாக்கியாவின் ஏதாவது ஒரு கிராமத்தில் இருப்போம்.

ஒக்ரோபர் 24

ஓடை நான் நினைத்ததுபோல் இறங்கவில்லை. வளைந்து வளைந்து போகிறது. கரை சில இடத்தில் சுவர் மாதிரி நிற்பதால் தண்ணீருக்குள் இறங்கி மற்றக் கரைக்குப் போக வேண்டியிருக்கிறது. எட்டுத் தரம் தாண்டினோம். சப்பாத்துக்குள் போன தண்ணீர் வெளியே வருவதில்லை. பத்து மணிக்குப் பனி கொட்டத் தொடங்கியது. கரும்பலகையில் ஆற்றுக்கு ஒரு நீலக் கோடுதான் போடுவேன். அந்தக் கோட்டுக்குள் நடந்து பார்க்க யாரும் என்னைக் கேட்டதில்லை.

பிஸ்கட் முடிந்தது. நெருப்புப்பெட்டி நனைந்துவிட்டது. நாகேஸ்வரி காலையில் பகிடி விட்டுக்கொண்டு வந்தாள். "சேர், உந்த ஓடை எங்களைச் சுவிஸ் வீட்டு வாசல்லை கொண்டுபோய் விடுமோ, இல்லாட்டி பஸ் பிடிக்க வேணுமோ?" மத்தியானத்துக்குப் பிறகு கதை குறைந்தது. பல் கிட்டி நடுங்கினாள். எங்கள் மூவருக்கும் நடுக்கம்தான்.

பின்னேரம் நடுக்கம் நின்றது. ஒரு பாறைக்குக் கீழே இருத்தினோம். ஊர்ச் சங்கக் கடைச் சாவியை எங்கே வைத்தேன் என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு கம்பளிச் சட்டையைக் கழற்றத் தொடங்கினாள். "சரியான வெக்கையாக் கிடக்குது சேர்," என்றாள். முகம்கூடச் சிவந்திருந்தது. றெஜி பயந்துபோய்ச் சட்டையைத் திரும்பப் போடப் பார்த்தான். நான்தான் விடச் சொன்னேன். இவ்வளவு நடந்தபின் உடம்பு சூடேறுவது இயற்கை. குளிர் விட்டது நல்ல அறிகுறி. கொஞ்சம் நித்திரை கொண்டால் காலையில் நடப்பாள்.

ஒக்ரோபர் 25

நாகேஸ்வரி எழும்பவில்லை.

ஒக்ரோபர் 29

எல்லைக்காவலர் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது யாருக்கும் வாசிக்க முடியாத எழுத்து என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். 25ஆம் திகதி காலை அவளைத் தொட்டுப் பார்த்தது றெஜி. கழற்றிய சட்டையை அவளுக்கு மேல் போட்டு, இலைகளால் மூடி, பாறையில் அவள் முகம் துடைக்கும் சிவப்பு லேஞ்சியைக் கட்டினோம். யாரையாவது கூட்டிக்கொண்டு திரும்பி வரலாம் என்று நான் சொன்னேன்.  ஓடையோடு மூன்று மணிநேரம் இறங்கினோம். காடு முடிந்து ஒரு தார் ரோடு. ரோட்டோரத்தில் கிராமத்தின் பெயர்ப்பலகை.

பலகையில் இருந்த எழுத்து ஹன்னா வாங்கிவரும் பாண் பைக்கட்டில் இருந்த அதே உக்ரேன் எழுத்து.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுலோவாக்கியாவில் ஆங்கில எழுத்துத்தான் என்று எனக்குத் தெரியும், நானே படிப்பித்திருக்கிறேன். றெஜிக்கு உடனே விளங்கிவிட்டது. ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அரைமணிநேரத்தில் ஜீப் வந்தது. பாறையையும் லேஞ்சியையும் படம் கீறிக் காட்டினேன். அன்று பின்னேரமே அவளைத் தூக்கிவந்துவிட்டார்கள். குளிரில் விறைத்துச் சாகிறவருக்குக் கடைசியில் வெக்கை எடுக்குமாம், வைத்தியர் சொன்னார்.

இப்போது இருப்பது பழைய பட்டாள முகாம். ஒரு கூடத்தில் நாற்பது பேர். ஆப்கான்காரர், வங்காளிகள், இரண்டு சோமாலியர். தமிழர் நாங்கள் இருவர் மட்டும். சூப்பில் கோவா மிதக்கிறது. தின்கிறேன்.

நவம்பர் 2

முகாம் மேஜர் கூப்பிட்டார். ஓட்டை ஆங்கிலம், ஆனால் மரியாதையான மனிதர். தேத்தண்ணீர் தந்தார். சுவரில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடம். சமவுயரக் கோடுகள் விரல்ரேகைபோல் நெருங்கி ஓடின. இப்படி ஒரு வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷம் ஆசைப்பட்டிருக்கிறேன்.

நாங்கள் இறங்கிய மேட்டைக் காட்டினார். நாங்கள் பிடிபட்ட ரோட்டைக் காட்டினார். பாறையைக் காட்டினார். பாறையிலிருந்து என் கண் தானாக நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. இரண்டு நாள் நடந்த ஓடை வரைபடத்தில் ஒரு சாண்கூட இல்லை. அதன் தலைப் பகுதி எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓடை சுலோவாக்கியாவில் பிறந்து, தெற்கே வளைந்து, எல்லையை வெட்டிக்கொண்டு உக்ரேனுக்குள் வருகிறது. அந்த இடத்தில் எல்லை மலைமுதுகில் இல்லை. சரிவுகளையும் ஓடைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. எந்தப் புத்தகத்தில் படித்து எல்லை முதுகில்தான் இருக்கும் என்று சொன்னேன் என்று யோசித்தேன். எந்தப் புத்தகமும் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேஜர் ஓடையின் தலையில் விரலை வைத்தார். "இங்கே நீங்கள் சுலோவாக்கியா." விரலை மேற்கே ஒரு நகமளவு தள்ளினார். "இங்கே கிராமம். ஒரு கிலோமீற்றர். தேவாலயம், கடை, தொலைபேசி." பிறகு உண்மையாகவே விளங்காமல் கேட்டார்: "ஏன் திரும்பி வந்தீர்கள்?"

23ஆம் திகதி எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

றெஜி ஒதுங்கப் போன இடத்தில் கல்லைக் கண்டான். ஓடிவந்து எங்களையும் கூட்டிக்கொண்டு போனான். இடுப்பளவு உயர வெள்ளைக் கல், ஒரு பக்கம் ஓர் எழுத்து, மறுபக்கம் வேறோர் எழுத்து. "இதுதான் மாஸ்டர். வாசில் சொன்ன கல். தாண்டியிட்டம்," என்றான். நான் சுற்றிப் பார்த்தேன். கல் நின்றது ஒரு சரிவின் நடுவில். இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே திசையில்தான் வடிந்தது. நீர்ப்பிரிமேடு இல்லாத இடத்தில் எல்லை எப்படி இருக்கும், இது வன இலாகாவின் கல் என்றேன்.

"வன இலாகா ஏன் ரெண்டு பக்கமும் ரெண்டு எழுத்துப் போடுது?"

"உனக்கு விளங்காது."

கொஞ்சத் தூரத்தில் ஓடை வந்தது. வாசில் சொன்னபடி நேரே போவதென்றால் அதைத் தாண்டி எதிர்மேட்டில் ஏற வேண்டும். றெஜி அதைத்தான் சொன்னான். நான் ஒரு தடியை எடுத்துச் சேற்றில் மலையைக் கீறி, வாசில் விட்ட மேடுதான் மலைமுதுகு, எல்லையை அங்கேயே தாண்டிவிட்டோம், இந்த ஓடை சுலோவாக்கியாவுக்குள்தான் இறங்கும் என்று விளக்கினேன். அவன் மறுபடி மறுத்தபோது என் குரல் உயர்ந்தது. "ஆர் இஞ்சை புவியியல் படிச்சது, நீயோ நானோ?" என்று கேட்டேன். பாடசாலையில் கேட்பதுபோலவே கேட்டேன்.

றெஜி நாகேஸ்வரியைப் பார்த்தான். அவள் எதிர்மேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சேர் சொல்லுறார். போவம்," என்றாள்.

முழங்காலை யோசித்து என்று எழுதியிருக்கிறேன். முழங்காலை நான் யோசிக்கவில்லை. அவளை மேட்டில் நானும் றெஜியும் தூக்கிக்கொண்டே ஏறியிருக்கலாம். ஒரு கிலோமீற்றர்.

மேஜரின் கேள்விக்கு, மூடுபனி, வழி தெரியவில்லை என்றேன். கூட்டத்தை நடத்தியது யார் என்று கேட்டார். நடத்தியவன் ஒருவன் இருந்தால் அவன் மீது ஆள்கடத்தல் வழக்கு, ஐந்து வருஷம் என்றும் சொன்னார். வாசில் விட்டுவிட்டுப் போனபின் யாரும் நடத்தவில்லை என்றேன். படிவத்தை எடுத்து, ஊரில் என்ன தொழில் என்று கேட்டார்.

கமம் என்றேன். வெங்காயமும் மிளகாயும் என்று கேட்காமலே சேர்த்துச் சொன்னேன்.

நவம்பர் 5

இரண்டு கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி. கூடத்துக்கு வெளியே ஒரு மேசையில் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம்.

ஞானசீலனுக்குச் செய்தி முதலே போய்விட்டது. அவன் அழுது முடித்த குரலில் இருந்தான். அவனுக்கு அங்கே இன்னும் வதிவிட அனுமதி இல்லை. நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. இங்கே வர வழியில்லை.

"ஏஜென்ற்தானே சேர் உங்களை நடுக்காட்டிலை விட்டிட்டுப் போனவன்?"

"ஓம்," என்றேன்.

"எனக்குத் தெரியும் சேர். அவங்கள்தான் கொன்றவங்கள்."

ஓம் என்று இன்னொரு தரமும் சொன்னேன்.

"அவளை அங்கைதான் புதைக்க வேணுமாம். சேர், நீங்கள் தகப்பன் ஸ்தானத்திலை நிண்டு செய்துவிடுங்கோ. ஒரு பிடி மண் போட எங்கட ஆள் ஒருத்தர் வேணும்."

நவம்பர் 8

சிலுவைகள் நட்ட கிராமத்துச் சேமக்காலையின் வேலி ஓரம். இரண்டு காவலர், ஒரு குழி வெட்டுகிறவர், றெஜி, நான். மண் உறைந்திருந்ததால் முதலில் கடப்பாரை போட வேண்டியிருந்தது. பெட்டி எளிதான பலகைப் பெட்டி. எரிக்க வசதி இல்லை. தேவாரம் ஒன்று பாடப் பார்த்தேன், இரண்டாம் வரிக்கு மேல் வரவில்லை. றெஜி சிலுவை போட்டுக்கொண்டு தன் பாட்டில் ஒரு செபம் சொன்னான்.

தகப்பன் இடத்தில் நின்று முதல் பிடி மண்ணை நான் போட்டேன். மண் கைவிரல்களை விடவில்லை, ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. உதறத்தான் வேண்டியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையைவிட அதுதான் முன்னால் வந்தது.

நவம்பர் 9

கூடம் கூட்டும் முறை எங்களுடையது. கூட்டினோம்.

நவம்பர் 13

றெஜியோடு சமையல்கட்டில் கிழங்கு சீவும் வேலை. அவன் மேஜரிடமும் ஞானசீலனிடமும் என்னைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பத்து நாளாகக் கேட்க வாய் வரவில்லை. இன்று கேட்டேன்.

"நீ ஏன் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை?"

அவன் கிழங்கைத் திருப்பித் திருப்பிச் சீவினான். "காட்டிக் குடுத்து? அக்கா எழும்பி வருவாவோ?"

"அதுக்கில்லை."

"மாஸ்டர், நான் கல்லைக் கண்டனான். அதுதான் எல்லை எண்டு எனக்கு நிச்சயம். நிச்சயமாத் தெரிஞ்சுகொண்டு உங்களுக்குப் பின்னாலை வந்தனான். கடலெண்டால் நீங்கள் என்ன சொன்னாலும் வள்ளத்தைத் திருப்பியிருப்பன். காட்டிலை எனக்குப் பயம். படிச்ச மனுசன் சொல்லுறார், பிழைச்சால் அவரின்ரை தலையிலை எண்டு விட்டிட்டன்." கத்தியை மேசையில் வைத்தான். "அக்காவுக்கு உங்களிலை நம்பிக்கை. எனக்கு அதுவும் இல்லை. அப்ப ஆரிலை பிழை கூட?"

 அவன் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டான்.

"அக்காவின்ரை மனுசனுக்குச் சொல்லுங்கோ," என்றான். "பொலிசுக்குச் சொல்ல வேண்டாம். அவருக்குச் சொல்லுங்கோ. அண்டைக்கு ரெலிபோனிலை என்னோடையும் கதைச்சவர், ஏஜென்றைத் தேடிக்கொண்டு திரியிறாராம். வேலைக்கும் போறேல்லையாம்."

நவம்பர் 16

தூக்கம் இல்லை. என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். பாடக்குறிப்பு மாதிரி வருகிறது. கிழித்துவிட்டேன்.

நவம்பர் 19

இன்று தொலைபேசி. வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர். என் முறை வந்ததும், அவன் பேசத் தொடங்கும் முன் நான் தொடங்கினேன்.

"ஞானசீலன், நான் சொல்லுறதை மறிக்காமல் கேள். ஏஜென்றின்ரை ஆள் விட்டிட்டுப் போனது உண்மை. ஆனால் அவன் சரியான இடத்திலைதான் விட்டவன். நாங்கள் எல்லையைத் தாண்டியிட்டம். றெஜி கல்லைக் காட்டினவன். நான் கேக்கேல்லை. நான்தான் ஓடையோடை இறங்கச் சொன்னனான். ஓடை திரும்பி இந்தப் பக்கம் வந்திட்டுது. நேரே போயிருந்தால் ஒரு கிலோமீற்றரிலை கிராமம். அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது நான்."

  மேசையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன், இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

"இல்லை சேர்," என்றான்.

"என்ன இல்லை?"

"நீங்கள் மனம் குழம்பிப்போய்க் கதைக்கிறியள். தனிய இருந்து யோசிச்சு யோசிச்சு அப்பிடித் தெரியுது உங்களுக்கு. மலைப் பாடத்திலை நீங்கள் பிழை விடமாட்டியள்."

"வரைபடத்திலை என்ரை கண்ணாலை பாத்தனான்."

"அவங்கட வரைபடம் பிழையா இருக்கும் சேர்."

"ஞானசீலன், பிழை விட்டது நான்தான்."  பின்னால் நின்ற ஆப்கான்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். "என்னை ஏசு. என்ன வேணுமெண்டாலும் சொல்லு."

"சேர், தயவுசெய்து அப்பிடிச் சொல்லாதையுங்கோ." அவன் கெஞ்சினான். கடைசி வாங்கிலிருந்து எழும்பி நின்று பேசுகிறவன்போல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "வெளிக்கிடேக்கை அவளுக்கு நான்தான் சொல்லிவிட்டனான். ஆர் என்ன சொன்னாலும் கேக்காதை, சேர் எந்தப் பக்கம் திரும்பிறாரோ அந்தப் பக்கம் போ எண்டு."

மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. தொலைபேசியை ஆப்கான்காரனிடம் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினேன்.